பிழை விடுங்கள், ஆனால் வாயைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட் வரும், உதைபந்து வரும், ஊர்க் கழகங்களின் கரப்பந்துச் சுற்றுப்போட்டிகூடப் படத்தோடு வரும், ஐஸ் ஹொக்கி மட்டும் எங்கள் ரொறன்ரோ அணி லீஃப்ஸ் தோற்ற மறுநாள்தான் வரும். அது பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் போன கிழமை நீங்கள் போட்டிருந்த வாசகர் கடிதம் ஒன்றில் ஒருவர், நடுவர்மார் எல்லாரும் காசு வாங்கிவிட்டார்கள், ரொறன்ரோவுக்கு ஸ்டான்லி கப் போகக்கூடாது என்பது மேலிடத்துத் தீர்மானம் என்று எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போகிற வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டு போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காசு வாங்கவில்லை ஐயா. அப்படி நினைத்துக்கொள்வது எங்களுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான். சதி என்று ஒன்று இருந்தால் திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைக்கும். உண்மை அதைவிட எரிச்சலானது. நடுவரும் மனிசன், பிழை விடுகிறார், விட்ட பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் சொல்வதில்லை, அவருக்குச் சம்பளம் கொடுக்கிற ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லும் சொல்வதில்லை, பொறுக்க முடியாமல் வாய் திறக்கிற பயிற்சியாளருக்குத் தண்டம் அடிக்கிறார்கள். பிழை விடுவதை நான் மன்னித்து முப்பது வருடமாகிறது, இந்த ஊமைத்தனத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முப்பது வருடம் என்று சும்மா சொல்லவில்லை. 1993 மே 27. நான் கனடா வந்து மூன்றாம் வருடம். ஸ்காபரோவில் இரண்டு அறை அபார்ட்மென்டில் ஆறு பொடியன்கள், பாதிப் பேருக்கு இரவு வேலை, யாரோ தெருவோரத்திலிருந்து தூக்கிவந்த பழைய டிவி ஒன்று. ஹொக்கி எங்களில் ஒருவருக்கும் சரியாக விளங்காது, ஓஃப்சைட் என்றால் என்ன என்பதில் தினமும் வாக்குவாதம், ஆனால் அந்த வசந்தகாலம் முழு நகரமும் லீஃப்ஸ் பைத்தியத்தில் இருந்தது, வேலைத்தலத்தில் அதைப் பற்றிக் கதைக்காவிட்டால் கதைக்க வேறு ஒன்றுமில்லை, அதனால் நாங்களும் பைத்தியமானோம். லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸோடு தொடர், முதலில் நாலு ஆட்டம் வெல்கிறவருக்கு இறுதி. மூன்றுக்கு இரண்டு என்று லீஃப்ஸ் முன்னால். ஆறாவது ஆட்டத்தை எடுத்துவிட்டால் இறுதியில் மொன்றியல்! ரொறன்ரோவும் மொன்றியலும் ஸ்டான்லி கப்புக்கு மோதுவதை யோசித்துப் பாருங்கள். ஆட்டம் நாலுக்கு நாலு, மேலதிக நேரம். கிங்ஸின் வேய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மோரின் முகவாயைக் கிழித்தது, ரத்தம் வந்தது, டிவியில் பார்த்த எங்கள் ஆறு பேருக்கும் தெரிந்தது. அந்தக் காலத்தில் பெனால்டி கொடுக்கிற, அதாவது பிழை செய்த வீரரைச் சில நிமிடம் வெளியே இருத்தி அவருடைய அணியை ஒரு ஆள் குறைய ஆடவைக்கிற நடுவர் ஒரே ஒருவர்தான், கெரி ஃப்ரேசர், அவர் காணவில்லை. அவருக்கு உதவியாகக் கோடுகளைப் பார்க்கிற இரண்டு லைன்ஸ்மன்களையும் கூப்பிட்டுக் கேட்டார், அவர்களும் கண்டோம் என்று சொல்லவில்லை. பெனால்டி பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய கிரெட்ஸ்கி கொஞ்ச நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். இரண்டு நாள் கழித்து எங்கள் ஊரிலேயே நடந்த ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார். லீஃப்ஸ் கடைசியாகக் கப் எடுத்தது 1967இல், அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரேசரை ரொறன்ரோ மறக்கவில்லை. நடுவருக்குத் தலைக்கவசம் கட்டாயமாகாத காலம், ஸ்ப்ரே அடித்துச் சீவிய அவருடைய தலைமுடி மூன்று பீரியட் ஓடினாலும் அசையாது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், முதுகில் பெயர் இருந்தது. 1977இலிருந்து 1994 வரை என்.எச்.எல் நடுவர்களின் வரிக்குதிரைச் சட்டையில் பின்பக்கம் பெயர் எழுதியிருக்கும். பிறகு பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போட்டார்கள். இன்றைக்கு ரிங்கில், அதுதான் ஐஸ் மைதானத்தில், நிற்கிற நடுவரின் பெயரை எத்தனை ரசிகர்களால் சொல்ல முடியும்? யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியாமல் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே ஃப்ரேசர் பின்னாளில், ஆம், தவறவிட்டுவிட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னார், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்கு அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது. ஏன் போனது என்று எனக்கே தெரியாது, தோற்றது தோற்றதுதானே, ஆனால் போய்விட்டது.

வேலை கஷ்டமானது என்பதை நான் மறுக்கவில்லை. 200 அடி நீளம், 85 அடி அகலம், பக் என்கிற ரப்பர் வட்டு மணிக்கு நூறு மைல் வேகத்தில் பறக்கும், பன்னிரண்டு பேர் மோதுவார்கள், இழுப்பார்கள், நடிப்பார்கள், இதற்குள் நடுவரும் சறுக்கிக்கொண்டு, பாதி நேரம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் காண வேண்டும். இப்போது இரண்டு நடுவர், இரண்டு லைன்ஸ்மன். அப்போதும் காணாமல் போவது போகும். சோபாவில் இருந்து மெதுவாக்கிய காட்சியை நாலாம் தரம் பார்க்கிற எனக்கு எல்லாம் தெரியும்தான்.

சரி, நடுவர் டிம் பீலின் கதைக்கு வருவோம், ஏனென்றால் என்.எச்.எல்லின் குணத்தை அதைப்போல வேறு எதுவும் காட்டாது. 2021 மார்ச் 23, நாஷ்வில் பிரெடேட்டர்ஸும் டெட்ரோயிட் ரெட் விங்ஸும் ஆடிய ஆட்டம். இரண்டாம் பீரியடில் நாஷ்வில் வீரர் விக்டர் ஆர்விட்சனுக்கு, தடுக்கி விழுத்தினார் என்று ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. பார்த்தவர்களுக்கு அது பெனால்டி மாதிரித் தெரியவில்லை. சற்று நேரத்தில் நடுவர் பீலின் ஒலிவாங்கி மூடப்படாமல் இருந்ததால் அவர் கதைப்பது ஒளிபரப்பில் கேட்டது. பெரிசாக ஒன்றுமில்லைத்தான், ஆனால் நாஷ்விலுக்கு நேரத்தோடு ஒரு பெனால்டி போட்டுவிட வேண்டும் என்று இருந்தேன் என்று, இடையில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து. அடுத்த நாளே என்.எச்.எல் அறிக்கை விட்டது: டிம் பீல் இனி எங்கள் ஆட்டங்களில் நடுவராக நிற்கமாட்டார், இப்போதும் இல்லை, எதிர்காலத்திலும் இல்லை. ஆட்டத்தின் நேர்மையைவிட முக்கியமானது எதுவுமில்லை என்று என்.எச்.எல்லின் மூத்த அதிகாரி கொலின் காம்பெல் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த மனிசன், ஒரு மாதத்தில் ஓய்வு பெற இருந்தவர்.

நல்ல நடவடிக்கைதானே என்று கேட்பீர்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன், இதில் அவர் செய்த குற்றம் என்ன? ஒரு பக்கத்துக்கு ஒன்று கொடுத்தால் மறுபக்கத்துக்கும் ஒன்று கொடுத்துச் சமப்படுத்துவது, தொடக்கத்திலேயே ஒரு விசில் அடித்து ஆட்டத்தைக் கைக்குள் வைத்திருப்பது, பிளேஓஃப் என்றால், அதாவது கப்புக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள் என்றால், அதே விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வது, இதெல்லாம் ஹொக்கி பார்க்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த பழக்கம். ஆட்டத்தை நிர்வகிப்பது என்று அதற்கு மரியாதையான பெயரும் உண்டு. வருடக்கணக்காக நடுவர்கள் செய்வதை ஒருவர் தவறுதலாக உரக்கச் சொல்லிவிட்டார், அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இருக்கிறதா இல்லையா, இருந்தால் யார் பழக்கியது, இனி அதை என்ன செய்யப்போகிறோம் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி இல்லை. மைக்கை மூடியிருந்தால் டிம் பீல் அடுத்த ஆட்டத்துக்கும் போயிருப்பார், ஏப்ரலில் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பார். அப்படியென்றால் தண்டனை எதற்கு, பிழைக்கா, மைக்குக்கா?

2019ஆம் ஆண்டு பிளேஓஃப் இன்னொரு மாதிரி. ஏப்ரல் 23, சான் ஹோசே ஷார்க்ஸும் வேகாஸ் கோல்டன் நைட்ஸும், ஏழாவது ஆட்டம், மூன்றாம் பீரியடில் வேகாஸ் மூன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால். கோடி ஈக்கின், ஜோ பவெல்ஸ்கியை நெஞ்சில் தள்ளினார், பவெல்ஸ்கி தடுமாறி இன்னொருவர் மேல் பட்டு, தலை ஐஸில் மோத விழுந்தார். பார்க்கவே பயமாக இருந்தது. ரத்தத்தைக் கண்ட நடுவர்கள் கூடிக் கதைத்து ஐந்து நிமிடப் பெரிய பெனால்டி கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஷார்க்ஸ் நாலு கோல்! வேகாஸ் கடைசி நிமிடத்தில் சமப்படுத்தியும் மேலதிக நேரத்தில் தோற்றது. தள்ளினதற்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள், விழுந்த விதத்தைப் பார்த்து ஐந்து கொடுத்ததுதான் பிழை. என்.எச்.எல் மன்னிப்புக் கேட்டது. எப்படித் தெரியும்? வேகாஸ் அணியின் முகாமையாளர் ஜோர்ஜ் மக்ஃபீ பத்திரிகையாளர்களிடம் சொன்னதால் தெரியும். அந்த இரண்டு நடுவர்களும் அடுத்த சுற்றுக்கு வரவில்லை, அதுதான் அவர்களுக்கான தீர்ப்பு, பெயர்ப் பட்டியலைப் பார்த்து நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

மே 15, அதே ஷார்க்ஸ், இந்தத் தடவை செயின்ட் லூயிஸ் ப்ளூஸோடு. மேலதிக நேரத்தில் டிமோ மையர் பக்கைக் கையால் தட்டிவிட்டார், அது கூட்டாளியிடம் போய் எரிக் கார்ல்சனின் வெற்றிக் கோலில் முடிந்தது. கையால் கொடுத்த பாஸ் செல்லாது என்பது எல்லாருக்கும் தெரியும், நாலு அதிகாரிகளில் ஒருவரும் காணவில்லை, வீடியோவில் பார்க்க அப்போது விதியில் இடமிருக்கவில்லை. ஆனால் அந்தத் தொடரை வென்றது ப்ளூஸ்தான். ஜூன் 6, இறுதியின் ஐந்தாவது ஆட்டம், பொஸ்டன் வீரர் நோயல் அச்சியாரியை ப்ளூஸின் டைலர் போசாக் காலில் தட்டி விழுத்தியதை நடுவர் பார்த்துக்கொண்டே விட்டுவிட, அதே ஓட்டத்தில் ப்ளூஸுக்கு வெற்றிக் கோல் விழுந்தது. நடுவர்களின் தலைவர் ஸ்டீபன் வோகம் அன்றிரவு சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: நடுவரின் கணிப்பு சம்பந்தப்பட்ட முடிவுகள் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை, அவர் பார்த்தார், பெனால்டி என்று அவருக்குப் படவில்லை. வோகமே முன்னாள் நடுவர், அந்த ஒரு விநாடியில் ரிங்கில் என்ன தெரியும் என்ன தெரியாது என்று அவரைவிட அழகாக விளக்கக்கூடியவர் இல்லை. அதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தக் கோடையில் விதிகளை மாற்றினார்கள். பெரிய பெனால்டி கொடுத்தால் நடுவரே வீடியோவில் திரும்பப் பார்க்க வேண்டும், கையால் கொடுத்த பாஸில் வந்த கோலையும் பயிற்சியாளர் எதிர்க்கலாம் என்று வந்தது. நல்ல மாற்றங்கள். என்.எச்.எல் எப்போதும் இப்படித்தான், விதியைத் திருத்தும், வாயால் ஒன்றும் சொல்லாது.

சொல்லத் தெரியாமலா? அதுவும் இல்லை. பயிற்சியாளர் ஒரு கோலை எதிர்த்துச் சவால் விட்டால் எங்கள் ரொறன்ரோவில் இருக்கிற என்.எச்.எல்லின் அறையில் வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள், காரணத்தை அன்றிரவே எழுதிப் போடுகிறார்கள். (பயிற்சியாளரின் சவால் பிழைத்தால் அவருடைய அணிக்கு உடனே இரண்டு நிமிடப் பெனால்டி, அவர் மட்டும் பிழைவிடக் கூடாது.) ஒரு வீரர் மற்றவரைத் தலையில் அடித்து ஆட்டத் தடை வாங்கினால், வீரர் பாதுகாப்புப் பிரிவு அவருடைய பெயரைச் சொல்லி, அடியைக் காட்சி காட்சியாக நிறுத்தி, இந்த விநாடியில் இவர் விலகியிருக்கலாம், விலகவில்லை என்று வாத்தியார் மாதிரி விளக்கி வீடியோ போடுகிறது. வீரருக்கு அவ்வளவு விளக்கம். நடுவருக்கு ஒன்றுமில்லை. 2025 மே 5, ஃபுளோரிடாவின் சாம் பெனட்டின் முழங்கை எங்கள் கோல்காப்பாளர் அந்தனி ஸ்டொலார்ஸின் தலையில் பட்டது, பெனால்டி இல்லை, அந்த மனிசன் பெஞ்சில் வாந்தி எடுத்தார், அந்தத் தொடரில் மறுபடி கோல் காக்கவில்லை. அன்று நின்ற நடுவர்கள் அதைக் காணவில்லையா, கண்டும் பெனால்டி இல்லை என்று நினைத்தார்களா? இரண்டும் வேறு வேறு. முதலாவதென்றால் நான் தலையாட்டிவிட்டுப் போவேன். இன்றைக்கும் எது என்று தெரியாது.

பயிற்சியாளர்களின் நிலையைக் கேட்கவே வேண்டாம். 2020 ஓகஸ்டில் கரோலைனா பயிற்சியாளர் ரொட் பிரிண்டமோர், பொஸ்டனுக்குக் கொடுத்த ஒரு கோலைப் பற்றி, இதனால்தான் இந்த லீக் ஒரு பகிடி என்று சொல்லிவிட்டார், 25,000 டொலர் தண்டம், திரும்பச் சொன்னால் இன்னும் 25,000. அவர் சொன்னது சரியா பிழையா என்பது வேறு விஷயம், ஆனால் கேள்வி கேட்டவருக்கு விலைப்பட்டியல் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவருக்குக் கட்டாயம் இல்லை.

வாயைத் திறந்தால் நடுவரின் மரியாதை போய்விடும், ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் இருக்கிறது. உங்கள் வாசகர்களுக்குக் கிரிக்கெட் தெரியும், அதனால் கேட்கிறேன், இலங்கை நடுவர் குமார் தர்மசேனவை மறந்துவிட்டீர்களா? அதே 2019, ஜூலை 14, லோர்ட்ஸில் உலகக் கிண்ண இறுதி. கப்டிலின் எறி ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது, தர்மசேன ஆறு ஓட்டம் கொடுத்தார். எறிந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கடக்கவில்லை, விதிப்படி ஐந்துதான். நியூசிலாந்து எப்படித் தோற்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமையில் தர்மசேன இலங்கைப் பத்திரிகை ஒன்றிடம், டிவியில் திரும்பப் பார்க்கும்போது பிழை என்று தெரிகிறது, ஆனால் மைதானத்தில் என்னிடம் டிவி இருக்கவில்லை, அந்த முடிவுக்காக வருந்தமாட்டேன் என்று சொன்னார். எவ்வளவு நிமிர்ந்த பதில்! பிழை என்றும் சொன்னார், ஏன் நடந்தது என்றும் சொன்னார். வானம் இடிந்து விழவில்லை, அவர் தொடர்ந்து நடுவராக நின்றார். கூடைப்பந்தில் என்.பி.ஏ 2015இலிருந்து நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தையும் அலசி, எது சரி, எது பிழை, எதைத் தவறவிட்டோம் என்று மறுநாளே பகிரங்கமாக எழுதிப் போடுகிறது. ராப்டர்ஸ் பார்க்கிறவர்கள் வாசித்திருப்பீர்கள். எங்களுக்கு அதுகூட வேண்டாம். பிளேஓஃப் நேரத்திலாவது, சர்ச்சை வந்த இரவில் வோகமோ அவரைப் போன்ற ஒருவரோ ஐந்து நிமிடம் வந்து காரணத்தைச் சொன்னால் போதும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். என் மூத்தவனுக்குப் பதினைந்து வயது. போன வருடத்திலிருந்து ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறான், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வரும், ஐஸில் நிற்க அவனுக்குப் பிடிக்கும். இந்தக் குளிர்காலம் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தகப்பன் கண்ணாடியில் முஷ்டியால் குத்திக் குத்தி இவனைப் பார்த்துக் கத்தினார், ஆட்டம் முடிந்த பிறகு கார் நிறுத்துமிடம் வரைக்கும் வந்தார். உனக்கு எவ்வளவு தந்தார்கள் என்று கேட்டார். ஏழு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம்! வீட்டுக்கு வரும்வரை பொடியன் கதைக்கவில்லை, அப்புறம் தாயிடம் மட்டும், இனிப் போகவில்லை என்று சொல்லியிருக்கிறான். நான் அந்த மனிசனைக் குறை சொல்ல முடியாமல் நிற்கிறேன், ஏனென்றால் இவன் சின்னவனாக ஆடிய காலத்தில் நானும் அதே கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்துக் கத்தியவன்தான்.

உனக்கு எவ்வளவு தந்தார்கள் என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது? உங்கள் பத்திரிகையில் போன கிழமை வந்த அதே கடிதத்திலிருந்துதான் வருகிறது. மேலே இருக்கிறவர்கள், ஆம் தவறவிட்டோம், இன்ன காரணம் என்று சொல்வதேயில்லை, சொல்லாததால் பார்க்கிறவன் தானே ஒரு காரணத்தைக் கற்பனை பண்ணுகிறான், காசு என்பதுதான் கைக்கு எட்டும் காரணம், என்.எச்.எல் நடுவர் கைக்கு எட்டமாட்டார், பக்கத்து அரீனாவில் நிற்கிற பதினைந்து வயதுப் பொடியன் எட்டுவான்.

அதனால் அந்த வாசகரிடம் எனக்குக் கோபம் இல்லை, ஒரு திருத்தம்தான். உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஹொக்கி முடிவுகளைப் போடும்போது யார் கோல் அடித்தார், யார் பெனால்டி வாங்கினார் என்று பெட்டி கட்டிப் போடுகிறீர்கள், அடியில் ஒரு வரி சேர்த்து அன்று நின்ற இரண்டு நடுவர்களின் பெயர்களையும் போடுங்கள். எல்லா ஆட்டத்தின் அதிகாரபூர்வ விவரத்தாளிலும் அவை இருக்கின்றன. தோற்ற நாளில் மட்டுமில்லை, ஒரு பிரச்சினையும் இல்லாமல் மூன்று பீரியடும் ஓடி முடிந்த நாளிலும் போடுங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட லீஃப்ஸ் ரசிகன்,
ஸ்காபரோ